காற்று என் பொறுப்பு

மே 8, திருநெல்வேலி

வண்டி என்னுடையது. பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதி வைக்கிறேன். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி, மின்விசிறி எல்லாம் வைத்து அதை வீடாக்கியவன் நான். தச்சன் பலகை அறுத்துக் கொடுத்தான். மற்றதெல்லாம் என் கை. ஊரில் இப்போது இதைக் கேம்பர் வேன் என்கிறார்கள். பெயர் என்னவாகவும் இருக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகம் படித்து ஆம்ப்ளிஃபயர் கட்டினேன், மைக்செட் கடை நடத்தினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இனியும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போக வேண்டிய இடம் நாக்பூர். என் மனைவி உலகம்மையின் அக்கா செண்பகம் அங்கே இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குப் பதினெட்டாம் தேதி சதாபிஷேகம். உலகம்மைக்குப் போன வருடம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ரயிலில் படுத்துக்கொண்டு போகலாமே என்பார்கள். ரயில்பெட்டிப் படியில் அவளை யார் ஏற்றுவது? விமானத்தில் உட்கார்ந்துதான் போக வேண்டும். வாசலில் படுத்தால் இன்னொரு வாசலில் எழுந்திருக்கிற மாதிரி போவதற்கு என் வண்டி ஒன்றுதான் வழி. "இதுக்குப் போகலைன்னா இனி அவள எப்பப் பாக்கது?" என்று அவள் ஒரு தடவைதான் கேட்டாள். அதன் பிறகுதான் வேனை வாங்கினேன்.

ஓட்டப்போவது நான் இல்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் கேட்டார்கள். கண் பார்த்த பையன் எழுத்துப் பலகையை இருட்டு மூலையில் மாட்டி வைத்திருந்தான். அதைச் சொன்னேன். "தாத்தா, லைட்டு எரியுது" என்றான். அவனோடு எனக்கு என்ன பேச்சு, வந்துவிட்டேன்.

அதனால் பிறவிப்பெருமாள் ஓட்டுகிறான். உலகம்மையின் தம்பி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். விசேஷத்தில் பிறந்த வீட்டுச் சீரை எடுத்து வைக்க அவன் எப்படியும் நாக்பூருக்குப் போயாக வேண்டும். வருகிறவன் ஓட்டட்டுமே என்று உலகம்மை முடிவு செய்துவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "ஸ்டீயரிங் உனக்கு. காற்று என் பொறுப்பு. டயர் பக்கம் உன் கை வரப்படாது."

"காத்துதான அத்தான்? தாராளமா வச்சுக்கிடுங்க. ஆளுக்கொண்ணு வேணும்லா" என்று சிரித்தான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 10

ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. முன் டயருக்கு ஐம்பது பாயிண்ட், பின் டயருக்கு அறுபத்தைந்து. மேலே ஆங்கிலத்தில் 'கோல்டு' என்று போட்டிருக்கிறது. அகராதி தேவையே இல்லை, ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். கோல்டு என்றால் குளிர். குளிர் பிரதேசத்துக்கு இந்த அளவு. வெளிநாட்டுக்காரன் அவன் ஊருக்கு எழுதி வைத்ததை இங்கே உள்ளவன் அப்படியே அச்சடித்து ஒட்டியிருக்கிறான். நம்முடைய கத்திரி வெயிலில் காற்று விரியும், டயர் வெடிக்கும். வெயில் காலத்தில் குறைத்துத்தான் வைக்க வேண்டும் என்பது தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவான். முன்னால் நாற்பத்திரண்டு, பின்னால் ஐம்பத்திரண்டு வைத்தேன்.

பெருமாள் வந்து குனிந்து பார்த்தான்.

"எதுக்கு அத்தான் இவ்வளவு கொறைச்சிய?"

"கோல்டுன்னு போட்டிருக்குல்லா. நாம போறது சிம்லாவுக்கா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறானாம். பிறகு வகுப்பெடுக்க ஆரம்பித்தான். "கோல்டுன்னா டயரு ஆறியிருக்கையில அளக்கணும்னு அர்த்தம். ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலையில எடுக்கதுக்கு முன்னால. ஊரு குளிரணும்னு இல்ல."

"அப்படின்னு அதுல எழுதியிருக்கா?"

"எழுதல. ஆனா..."

"எழுதலைல்லா. விடு."

"ஓடுனா டயரு சூடாகும். அளவு கூடத்தான் காட்டும். அதுக்கும் சேத்துதான் அறுவத்தஞ்சுன்னு போட்டிருக்கான். கூடுதேன்னு நீங்க இறக்குனா டயரு தொய்ஞ்சு இன்னும் சூடாகும். இது மைக்செட்டு இல்ல அத்தான், சத்தம் கூடுதுன்னு திருகிக் கொறைக்கதுக்கு."

"நீ ஆயுசுக்கும் போர்டுல எழுதுன. உன்கிட்ட படிச்ச ஒரு பயலுக்காவது ஃபீஸ் போனா மாட்டத் தெரியுமாடே?"

அவன் வெற்றிலை போடப் போய்விட்டான்.

இன்னொரு விஷயம். வண்டி வேலை முடிந்து வந்த அன்று பட்டறைக்காரன் பின்னால் அறுபத்தைந்து வைத்துக் கொடுத்திருந்தான். அன்றைக்குப் பைபாஸ் வரை உலகம்மையைப் படுக்கவைத்து ஒரு ஓட்டம் போய் வந்தோம். வந்த பிறகு இரண்டு நாள் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்றைக்கு அதே சாலையில் போய் வந்தோம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து பரவாயில்லை என்று கேட்டு வெகுநாளாகிறது.

மே 11, திண்டுக்கல் தாண்டி

கிளம்பிவிட்டோம். உலகம்மை பின்னால் கட்டிலில் படுத்திருக்கிறாள். கட்டில் சரியாகப் பின் சக்கரத்துக்கு மேலே வருகிறது. ஜன்னல் அங்கேதான் இருக்கிறது, காற்று வரும் என்று யோசித்துத்தான் அங்கே போட்டேன். நான் முன் சீட்டில், பெருமாளுக்குப் பக்கத்தில். அவன் ஓட்டும்போது வாய்க்குள்ளேயே பாட்டுப் பாடுகிறான். நிறுத்தச் சொன்னேன். ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்தான்.

புளியோதரையில் உப்பு அதிகம். அதை யாரிடமும் சொல்லவில்லை, நான்தான் கிளறினேன்.

பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்புவதற்கு முன் காற்றை அளந்தேன். பின் டயர் ஐம்பத்தெட்டு காட்டியது. காலையில் வைத்தது ஐம்பத்திரண்டு. நான் கழிப்பறைக்குப் போன நேரத்தில் பங்குக் குழாயை வைத்து ஏற்றியிருக்கிறான். அவனுக்கு அது இரண்டு நிமிட வேலை. நான் ஐம்பத்திரண்டுக்கு இறக்கிவிட்டேன்.

மே 12, ஓசூர்

காலையில் பார்த்தால் நாற்பத்தாறு!

ஏற்றினது போதாது என்று இப்போது இறக்கவும் ஆரம்பித்துவிட்டான். என்னை முட்டாளாக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. பம்பை எடுத்து மறுபடி ஏற்றினேன். ஐம்பதில் நிறுத்தினேன். ஐம்பத்திரண்டு வேண்டாம் என்று தோன்றியது. கிருஷ்ணகிரி பக்கம் சாலையில் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், மேடும் பள்ளமுமாக. ஐம்பதே போதும்.

மத்தியானம் ஐம்பத்தாறு. இந்தத் தடவை நான் சும்மா விடவில்லை.

"ஒரு நேரம் ஏத்துத, ஒரு நேரம் இறக்குத. என்னடே விளையாட்டு இது?"

"எத?"

"காத்த!"

அவன் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "நான் ஏன் அத்தான் ரெண்டையும் செய்யணும்? ஒண்ணச் செஞ்சாலாவது ஒரு அர்த்தம் இருக்கு."

உலகம்மை உள்ளே படுத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்தால் அவளுக்கு முதுகு வலிக்கும். "வலிக்கி, வலிக்கி, பேசாதீங்க ரெண்டு பேரும்" என்றாள்.

இறக்கினேன்.

மே 13, அனந்தபூர்

அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். உலகம்மையின் பூஜைப் பையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்து, நான்கு டயரிலும் வால்வு மூடிக்கு மேலே அப்பிவைத்தேன். காய்ந்துவிட்டால் யார் மூடியைத் திருகினாலும் உடைந்துவிடும். மறுபடி ஒட்டவைக்க முடியாது. பெருமாள் பார்த்துவிட்டு, "வண்டிக்குச் சந்தனக் காப்பா? நாலு பூவும் வைங்க" என்றான். பேசட்டும் என்று விட்டேன். சாயங்காலம் தெரியும்.

தயிர் புளித்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஒரு கோயில் வாசலில் விட்டார்கள். தெலுங்கு தெரியாமலேயே எல்லாம் நடக்கிறது. பெருமாளுக்குத் தெலுங்கு தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். 'நீள்ளு, நீள்ளு' என்று தண்ணீர் கேட்டதைத் தவிர அவன் வேறு எதுவும் பேசி நான் கேட்கவில்லை.

சாயங்காலம். சந்தனம் கலையவில்லை. நான்கிலும். உள்ளே அளவு கூடியிருக்கிறது.

காற்று அளக்கிற கேஜ் பழையது.

மே 14, கர்நூல்

புது கேஜ் வாங்கினேன். பழையது சொன்னதைத்தான் இதுவும் சொல்கிறது. எண்களை எறும்பு மாதிரி அச்சடித்திருக்கிறான். உலகம்மையிடம் கொண்டுபோய்க் காட்டித்தான் உறுதி செய்துகொண்டேன், ஒன்றுக்கு இரண்டு பேர் பார்ப்பது நல்லது.

வெயில் நாற்பத்து நான்கு டிகிரி என்று பங்கில் இருந்தவன் சொன்னான். பெருமாள் இன்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய்ப் பின் டயரில் கையை வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான்.

"வண்டி அலையுது அத்தான். வளைவுல வால் ஆடுது. இவ்வளவு பலகை, தொட்டி, பேட்டரி எல்லாம் பின்னாலதான் கெடக்கு. ஒரு எடை மேடையில ஏத்திப் பாத்திருவோமா? எவ்வளவு கனம்னு தெரிஞ்சா எவ்வளவு காத்துன்னு தெரியும்."

"இதென்ன வெங்காய லோடா, எடை போடதுக்கு? உள்ள படுத்திருக்கது உன் அக்கா."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

"வாத்தியாரே, ஸ்டீயரிங்கப் பாரும்" என்று முடித்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் திரும்பி உலகம்மையிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தொட்டில் மாதிரி இருக்கிறது என்றாள். அவன் காதிலும் விழட்டும் என்று இரண்டாம் தடவை கேட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நாற்பத்தெட்டில் வைத்துவிட்டேன். சூடாக இருக்கும்போதுதான். அது ஒன்றும் குற்றம் இல்லை.

மே 15

இன்று எழுத முடியாது.

மே 16, நிர்மல் அருகே ஒரு தாபா

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் எப்படிச் சொன்னாலும் இதுதான் நடந்தது.

ஹைதராபாத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, காமாரெட்டி தாண்டியிருந்தோம். நடு மத்தியானம். சாலை நேராகத்தான் கிடந்தது. வெடிச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. பின்பக்கம் வலது டயர். வண்டி அப்படியே வலது பக்கம் இழுத்தது. நான் "பிரேக்கப் போடு, பிரேக்கப் போடு" என்று கத்தினேன். அவன் போடவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே போகவிட்டான். எங்களை உரசிக்கொண்டு ஒரு லாரி போனது. வண்டி தானாகவே வேகம் குறைந்து ஓரத்துப் புல்லில் ஏறி நின்றது. பிரேக் போட்டிருந்தால் புரண்டிருக்கும் என்று பிறகு சொன்னான். இருக்கலாம். எனக்குத் தெரியாது.

பின்னால் சத்தமே இல்லை. அதுதான்.

நான் கதவைத் திறக்கும்போது பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நானே மாட்டிய பிடி. பெருமாள்தான் திறந்தான். உலகம்மை கட்டிலில் இல்லை. உருண்டு விழுந்து, நடுவில் அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையில் தரையில் கிடந்தாள். அரிசி டப்பா திறந்து அவள் மேலெல்லாம் அரிசி. கண் திறந்திருந்தது.

"உலகு" என்றேன்.

"தூக்காதீங்க" என்றாள். "எங்கனயும் ஒடையல. கொஞ்சம் கெடந்துக்கிடுதேன். தூக்க மட்டும் செய்யாதீங்க."

கையைக் காலை அசைத்துக் காட்டினாள். பெருமாள் கீழே இறங்கி, வெடித்த டயரைப் பார்த்தான். சுவர் முழுக்கக் கிழிந்து, நார் நாராகத் தொங்கியது. உள்ளே ரப்பர் பொடிப் பொடியாக அரைந்திருந்தது. அவன் ஒரு பிடிப் பொடியை அள்ளி என் முன்னால் நீட்டினான்.

"பாரும்" என்றான். "இது வெயிலு செஞ்சதா? தொய்ஞ்சுபோயி ஓடி ஓடி உள்ளுக்குள்ளயே அரைஞ்சிருக்கு. நீரு செஞ்சதுவே இது."

பாரும் என்றான். நீரு என்றான். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் என்னை அவன் அப்படிச் சொன்னதில்லை. எத்தனை கேலி பேசினாலும் நீங்கதான், அத்தான்தான். நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். சாலை மோசம் என்று சொல்லியிருக்கலாம், டயர் செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது, அதில் என் பேச்சு நின்றுவிட்டது.

ஸ்டெப்னியை மாட்டினான். காற்றுப் பம்பை எடுத்து, என்னைக் கேட்காமல், நான்கிலும் அவனே ஏற்றினான். உலகம்மை தூக்கவிடவில்லை. தரையில் கிடந்தபடியே, தலைக்கு ஒரு தலையணையை மட்டும் வைத்து, மெதுவாக இந்தத் தாபா வரை வந்து சேர்ந்தோம். நிர்மலிலிருந்து டாக்டர் ஒருவரைப் பெருமாள் அழைத்து வந்தான். ஊமையடிதான், எலும்பில் ஒன்றுமில்லை, தட்டையாகப் படுத்தால் பயணம் போகலாம் என்றார்.

இன்று முழுக்கத் தாபாக்காரர் போட்டுத் தந்த கயிற்றுக் கட்டிலில் வேப்பமரத்தடியில் கிடந்தாள். பெருமாள் புது டயர் வாங்க டவுனுக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து இருங்க."

உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்குக் காத்த இறக்குனியன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?"

"கத்திரி வெயிலு. காத்து விரியும்."

"சரி. வெயிலுக்குன்னே வச்சுக்கிடுங்க." தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு அது சொகமாத்தான் இருந்துச்சு. தம்பி ஒங்ககிட்ட கத்துனதெல்லாம் என் காதுலயும் விழுந்துச்சு. வலி கொறையுதேன்னு நானும் வாயத் தொறக்கல. அதனால ஒங்கள மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலையில அவன் சொல்லுத காத்து இருந்தா நான் வண்டியில ஏறுவேன். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கனயே கெடக்கேன்."

"அறுவத்தஞ்சு வச்சா நீ தாங்க மாட்ட."

"தாங்குவேன்."

"அன்னைக்கு ரெண்டு நாளு எந்திரிக்கல நீ!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டேன்.

பின்னாலேயே அவள் குரல் வந்தது. "நேத்து தரையில கெடந்து வந்தம்லா, அங்கன அவ்வளவு தெரியல. கட்டிலுலதான் தூக்கித் தூக்கிப் போடுது."

நான் கேட்காத மாதிரி இருந்தேன். கேட்டது.

பின் சக்கரத்துக்கு மேலே உள்ள இடம் துள்ளும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடம் அவ்வளவு துள்ளாது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வாத்தியார் கூடச் சொல்லவில்லை. ஆனால் நடுவில் இடம் எங்கே இருக்கிறது? அடுப்பு மேடை இருக்கிறது. அலமாரி இருக்கிறது.

ஸ்பானர் பையை எடுத்தேன்.

மே 17, நாக்பூர்

வந்து சேர்ந்துவிட்டோம். செண்பகமும் உலகம்மையும் கட்டிலில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். அழுகை முடிந்து இப்போது யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்கள். விசேஷம் நாளை.

நேற்றுச் சாயங்காலம் பெருமாள் டயரோடு வந்து பார்க்கும்போது கட்டிலின் பலகைகளைப் பாதி கழற்றியிருந்தேன். அடுப்பு மேடையைத் தரையோடு பெயர்த்து வெளியே வைத்திருந்தேன். அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தான். அலமாரிக்குள் வயர் எப்படிப் போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அதை அவனைத் தொடவிடவில்லை. அடுப்பைத் தாபாக்காரரிடமே விட்டுவிட்டோம். மெத்தை நடுவில் தரையில் சரியாகப் பொருந்தியது. கழற்றிய பலகைகளைப் பின்னால், சக்கரத்துக்கு மேலே தரை மேடாக இருக்கும் இடத்தில் அடுக்கினோம்.

இன்று காலை, வெயில் வருவதற்கு முன் டயருக்குப் போனேன். வண்டி இரவு முழுக்க நின்றிருந்தது. தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. பெருமாள் பல் துலக்கிக்கொண்டே வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். உலகம்மை கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பை நானே மாட்டினேன். என் பொறுப்பு அது. கேஜை வைத்தேன். விடியல் வெளிச்சம் போதவில்லை. அங்கே இங்கே சாய்த்துப் பார்த்தேன். எறும்புகள்.

கேஜை அவன் பக்கம் நீட்டினேன்.

"எவ்வளவு?" என்றேன்.

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து, குனிந்து பார்த்தான். "அம்பத்தொன்பது."

ஏற்றினேன்.

"அறுவத்திரண்டு... அறுவத்துநாலு... அறுவத்தஞ்சு. போதும்."

நிறுத்தினேன். முன்னால் ஐம்பதோடு நிறுத்தி, நான்கு டயருக்கும் இப்படியே நடந்தது. அவன் எண்ணைச் சொன்னான், நான் ஏற்றினேன். நேற்று முன்தினத்திலிருந்து அவன் என்னை எந்த வார்த்தையிலும் கூப்பிடவில்லை. நீங்கள் என்றும் இல்லை, நீர் என்றும் இல்லை. ஆளில்லாத வாக்கியங்களாகவே பேசுகிறான். 'சாப்பாடு ஆச்சு.' 'கிளம்பலாம்.' அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

உலகம்மையை மெத்தையில் கிடத்தினோம். பெருமாள் ஓட்டுநர் சீட்டில் ஏறினான். நான் முன் சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் அடுக்கிய பலகைகள் சரிந்தால் அவள் தலையில் விழும். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் பின் சக்கர மேட்டில், பலகைகளில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் படுத்திருந்த அதே இடம். வண்டி கிளம்பியது.

வேன் வாங்கியதிலிருந்து நான் அங்கே உட்கார்ந்து ஒரு தடவைகூடப் போனதில்லை. ஓடாமல் நிற்கும்போது நூறு தடவை உட்கார்ந்திருப்பேன்.

முதல் பள்ளத்தில் பல்லோடு பல் மோதியது. இரண்டாவதில் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. அதன் பிறகு எண்ணவில்லை. இடுப்பிலிருந்து கழுத்து வரை யாரோ கம்பியை உருவி உருவிச் செருகுகிற மாதிரி இருந்தது. பலகையைப் பிடித்த கை மரத்துப்போனது. எனக்கு முதுகில் ஒரு கோளாறும் கிடையாது. இந்த இடத்தில் அவள் திருநெல்வேலியிலிருந்து காமாரெட்டி வரை படுத்து வந்திருக்கிறாள். காற்று குறைவாக இருந்தபோது இதில் பாதி இருந்திருக்குமா? பாதியே எவ்வளவு? கேட்ட போதெல்லாம் பரவாயில்லை என்றாள். தொட்டில் மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டாம் தடவை கேட்டபோதும் அதையே சொன்னாள். இப்படி வாய் கூசாமல் பொய் சொல்லுகிறவளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எந்த அளவைத்தான் நம்புவது?

ஆதிலாபாத் தாண்டி ஒரு பாலத்தில் ஏறி இறங்கினோம். பலகைகளோடு நானும் ஒரு முழம் மேலே போய் வந்தேன்.

"எலே, பேய் மாதிரி ஓட்டாத! மெள்ளப் போ!" என்று கத்தினேன்.

முன்னாலிருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"நாப்பதுலதான் போறேன் அத்தான்" என்றான். "இதுக்கு மேல மெள்ளப் போனா உருட்டிக்கிட்டுத்தான் போகணும்."

எனக்கு நல்ல பதில் ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நாக்பூர் வரை அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். அப்போது கீழே பார்த்தேன். உலகம்மை தூங்கிக்கொண்டிருந்தாள். சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கவில்லை. வாய் லேசாகத் திறந்து, ஒரு கை மெத்தைக்கு வெளியே விழுந்து, நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் விழித்துவிடுவாள் என்பதால் நான் அதன் பிறகு பேசவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.